கடைசி எண்ணைக் கடைசியில் படியுங்கள்

(புதிதாக டிஜிட்டல் கேமரா வாங்கியவர்களுக்கான ஒளிப்பட வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வகுப்பு முடிந்ததும் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சார், கேமரா வாங்கியாச்சு. எல்லாத்துக்கும் பயன்படுற மாதிரி ஒரே ஒரு ஜூம் லென்ஸ் சொல்லுங்க." நியாயமான கேள்வி. பாடி வாங்கவே கைக்காசு கரைந்துபோனவரிடம் இன்னும் நான்கு லென்ஸ் வாங்கு என்று யாரும் சொல்லக் கூடாது. எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்குக் கிடையாது. ஆனால் உங்களுக்கான விடையை நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. லென்ஸின் மேல் பொறித்திருக்கும் எண்களைச் சரியான வரிசையில் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

கடையில் என்ன நடக்கிறது? லென்ஸை எடுத்து மேசைமேல் வைக்கும் பையன் முதலில் சொல்வது பெரிய எண்ணை. "இது 18-300 சார். ஒரே லென்ஸ், எல்லாம் வந்துடும்." வாங்க வந்தவர் கேட்கிறார்: "பறவையெல்லாம் எடுக்கலாமா தம்பி?" "தாராளமா எடுக்கலாம் சார்." அதோடு பில் போட்டாகிவிட்டது. 300 என்ற எண்ணைப் பற்றி இருவரும் பேசினார்கள். 18 பற்றிப் பேசவில்லை. பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் எஃப்/3.5-6.3 என்பதைப் பற்றிப் பேசவே இல்லை. நான் சொல்வது இதற்கு நேர்மாறு. முதலில் இடப்பக்க எண்ணைப் படியுங்கள். அடுத்து எஃப் எண்ணைப் படியுங்கள். வலப்பக்கத்துப் பெரிய எண்ணைக் கடைசியில் படியுங்கள்.

இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஏபிஎஸ்-சி அளவுள்ள, நாம் கிராப் சென்சார் என்று சொல்கிற கேமரா. பழைய பிலிம் சட்டத்தின் அளவு, அதாவது ஃபுல் ஃபிரேம், 36க்கு 24 மி.மீ.; இந்தச் சென்சார் ஏறத்தாழ 23.5க்கு 15.6 மி.மீ. அதனால்தான் லென்ஸில் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும் ஃபோகல் லென்த்தை ஒன்றரையால் பெருக்கிப் பார்க்கச் சொல்கிறோம். கேனனில் சென்சார் இன்னும் கொஞ்சம் சிறியது, அங்கே 1.6ஆல் பெருக்க வேண்டும். இன்று நான் சொல்லும் கணக்கெல்லாம் ஒன்றரை மடங்குச் சென்சாருக்கானது.

இடப்பக்க எண்ணிலிருந்து தொடங்குவோம். 18 மி.மீ. லென்ஸ் இந்தச் சென்சாரில் கிடைமட்டமாக 66 பாகை அளவுக்குப் பார்க்கும். 16 மி.மீ. என்றால் ஏறக்குறைய 73 பாகை. இரண்டே மில்லிமீட்டர் குறைந்ததற்கு ஆறு பாகைக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கிறது. இப்போது வலப்பக்கம் பாருங்கள். 135 மி.மீ. சுமார் 10 பாகை பார்க்கும், 150 மி.மீ. சுமார் 9 பாகை. பதினைந்து மில்லிமீட்டர் கூட்டியும் வித்தியாசம் ஒரே ஒரு பாகைதான். இடப்பக்கத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் மதிப்பு அதிகம்.

காரணம் அது மட்டுமல்ல. தூரத்தில் இருப்பது படத்தில் சிறிதாக விழுந்தால், 24 மெகாபிக்சல் படத்தில் ஓரளவு வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். சட்டத்துக்கு வெளியே விடுபட்டுப்போனதை எந்த மென்பொருளாலும் உள்ளே கொண்டுவர முடியாது. தாத்தாவுக்குச் சதாபிஷேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் இருபது பேர் நிற்கிறார்கள். நீங்கள் பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு சுவரில் முட்டிவிட்டது. அப்போது உங்களைக் காப்பாற்றுவது இடப்பக்க எண் மட்டும்தான்.

பலர் வந்து சொல்லும் குறை ஒன்று: "போனில் முழுசா வந்துச்சு சார், இவ்வளவு விலை கொடுத்து வாங்கின கேமராவில் வரலை." கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. இன்றைய போன்களின் முதன்மைக் கேமரா ஃபுல் ஃபிரேம் கணக்கில் பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. வரை. கிராப் சென்சாரில் அது 16 அல்லது 17 மி.மீ. ஆகிறது. உங்கள் லென்ஸ் 18இல் தொடங்கினால் 27தான் கிடைக்கும். போனிலேயே படம் எடுத்துப் பழகிய கண்ணுக்கு 16 அல்லது 17இல் தொடங்கும் லென்ஸ் சட்டென்று பிடித்துப்போகும்.

நண்பர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லும் ஒரு யோசனையையும் இங்கே சொல்லியாக வேண்டும். "நாளைக்கு ஃபுல் ஃபிரேம் வாங்கும்போது உதவும், இப்பவே 28-75 வாங்கிடு" என்பார்கள். அந்த லென்ஸ் அருமையான லென்ஸ்தான். ஆனால் உங்கள் சென்சாரில் அதன் தொடக்கமே 42 மி.மீ. ஆகிவிடும். 24-105 வாங்கினால் 36இல் தொடங்கும். அறைக்குள் எடுக்க அகலமே இருக்காது. என்றைக்கோ வாங்கப்போகும் கேமராவுக்காக, இன்று கையில் இருக்கும் கேமராவை முடமாக்காதீர்கள். இன்றைய சென்சாருக்கு ஏற்ற லென்ஸை இன்று வாங்குங்கள்.

அகலத்தில் ஒரு கவனமும் வேண்டும். 16, 18இல் குழுப்படம் எடுக்கும்போது ஓரத்தில் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுபட்டு, இருப்பதைவிடப் பருமனாகத் தெரிவார்கள். கிட்டே போய் முகத்தை எடுத்தால் மூக்கு பெரிதாகும். இடம் இருந்தால் நான்கைந்து அடி பின்னால் போய் 30, 35க்கு ஜூம் செய்து எடுங்கள். முகத்தின் அமைப்பைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம். அந்தத் தூரத்திலிருந்து எவ்வளவு சட்டத்துக்குள் வரும் என்பதை மட்டும்தான் ஜூம் தீர்மானிக்கிறது.

இப்போது எஃப் எண்ணுக்கு வருகிறேன். இன்றைய பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சி வெயிலுக்கும் இரவில் வீட்டுக் குழல்விளக்குக்கும் வெளிச்சத்தில் எவ்வளவு வித்தியாசம் இருக்கும்? ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. வெளிச்சம் இரட்டிப்பாவதை ஒரு ஸ்டாப் என்போம்; அந்தக் கணக்கில் பத்து ஸ்டாப். நம் கண் தானாகச் சரிசெய்துகொள்வதால் அது நமக்கு உறைப்பதில்லை. கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது. நம் குடும்பங்களில் முக்கியமான தருணங்கள் எப்போது நடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். முகூர்த்தம் பெரும்பாலும் விடிகாலையில், மண்டபத்துக்குள். பிறந்தநாள் கேக் வெட்டுவது இரவில். சுவாமி புறப்பாடு இருட்டியபின். கச்சேரி அரங்கத்துக்குள். கொலு வீட்டுக்குள். வெயிலில் நடப்பவை வெகு சில. ஆகவே ஒரு லென்ஸ் எல்லாவற்றுக்கும் பயன்பட வேண்டும் என்றால், முதலில் அது குறைந்த வெளிச்சத்துக்குப் பயன்பட வேண்டும்.

கேக் வெட்டும் அந்தக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். ஒரு குழல்விளக்கு எரியும் அறை. கையில் கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ். குழந்தையின் முகத்துக்காக 55க்கு ஜூம் செய்கிறீர்கள். அந்த முனையில் லென்ஸ் எஃப்/5.6க்கு மேல் திறக்காது. ஷட்டர் 1/60 நொடி வைத்தால் ஐஎஸ்ஓ 6400 வரை போகும். ஆனால் மெழுகுவத்தியை ஊதக் குனியும் குழந்தைக்கு 1/60 போதாது, கலங்கிவிடும். 1/250 வேண்டும். அப்படியானால் ஐஎஸ்ஓ 25,600. முகமெல்லாம் புள்ளியாகி, தோலின் நயமே போய்விடும். அதே இடத்தில் எஃப்/2.8 வரை திறக்கும் ஜூம் இருந்தால்? அதே 1/250, ஐஎஸ்ஓ 6400 போதும். இன்றைய சென்சார்களில் அது ஆல்பத்தில் போடத்தக்க படம்.

இந்த நான்கு மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ஃபோகல் லென்த்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும். 55ஐ 5.6ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10 மி.மீ.; 2.8ஆல் வகுத்தால் 20 மி.மீ. விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். ஒளியும் நான்கு மடங்காகும்.

"லென்ஸில்தான் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். நல்ல வசதிதான். கேனன் அதை ஐஎஸ் என்றும், நிக்கான் விஆர் என்றும், சோனி ஓஎஸ்எஸ் என்றும், டாம்ரான் விசி என்றும் சொல்கின்றன. அது உங்கள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும். அசையாத கோயில் தூணை 1/15 நொடியில்கூடத் தெளிவாக எடுக்கலாம். ஆனால் மிருதங்க வித்வானின் விரல் ஓடுவதை அது நிறுத்தாது. எதிரில் இருப்பவரின் அசைவை நிறுத்துவது ஷட்டர் வேகம் ஒன்றுதான். அந்த வேகத்தைக் கொடுப்பது லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம்.

அப்படியானால் 18-300 லென்ஸையே எஃப்/2.8 ஆகச் செய்துவிடலாமே? கணக்கைப் போட்டுப் பாருங்கள். 300ஐ 2.8ஆல் வகுத்தால் 107 மி.மீ. முன்கண்ணாடியே நான்கு அங்குலத்துக்கு மேல் வேண்டும். அந்த எடையைத் தூக்கவும் முடியாது, அந்த விலையைக் கொடுக்கவும் முடியாது. நீளமா, வெளிச்சமா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது இதனால்தான். இது இயற்பியல் விதிக்கும் எல்லை.

கடைசியாக வலப்பக்க எண். ஜூம் லென்ஸின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்தால் இதன் தன்மை புரியும். 35 மி.மீ. எஸ்எல்ஆர் கேமராவுக்கு வந்த முதல் ஜூம், 1959இல் ஃபோக்ட்லாண்டர் நிறுவனம் வெளியிட்ட ஜூமார். ஃபிராங்க் பேக் என்பவர் வடிவமைத்தது. அது 36இலிருந்து 82 வரை, இரண்டே கால் மடங்குதான் நீளும். ஆனால் முழு நீளத்திலும் எஃப்/2.8. 1992இல் டாம்ரான் 28-200 கொண்டுவந்தது, ஏழு மடங்கு. 2005இல் நிக்கான் 18-200, பதினோரு மடங்கு. 2017இல் டாம்ரானின் 18-400 வந்தபோது இருபத்திரண்டு மடங்கு. நீளம் கூடக்கூட எஃப் எண் 5.6, 6.3 என்று போய்க்கொண்டே வந்திருப்பதைக் கவனியுங்கள். உள்ளே நகரும் கண்ணாடிக் குழுக்கள் 18இலும் சரியாக நிற்க வேண்டும், 300இலும் சரியாக நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே விட்டுக்கொடுத்துத்தான் வடிவமைக்க முடியும். நேர்க்கோடு வளைவதை இன்றைய மிரர்லெஸ் பாடிகள் தாமே திருத்திவிடுகின்றன. ஓரத்தில் கூர்மை குறைவதை அப்படி ஈடுகட்ட முடியாது.

சரி, 300 மி.மீ. உண்மையில் எவ்வளவு தூரம் போகும்? வேடந்தாங்கல் கரையில் நிற்கிறீர்கள். நூறு மீட்டர் தூரத்து மரத்தில் ஒரு மஞ்சள்மூக்கு நாரை. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள பெரிய பறவை. 300 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் சென்சாரில் 3 மி.மீ. உயரத்துக்கு விழும். சென்சாரின் உயரம் 15.6 மி.மீ. அதாவது படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மீன்கொத்தி போன்ற சின்னப் பறவையானால் புள்ளியாகத்தான் தெரியும். பறவை எடுப்பவர்கள் 150-600 போன்ற லென்ஸ்களை ஏன் சுமக்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். பறவைதான் உங்கள் ஆசை என்றால் அதற்குத் தனி லென்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்குமான லென்ஸின் தலையில் அந்தப் பாரத்தை வைக்காதீர்கள்.

இன்னொரு கணக்கு. பள்ளி ஆண்டுவிழா. மேடையில் ஆடும் குழந்தையின் உயரம் 1.2 மீட்டர். நீங்கள் இருபது மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். 135 மி.மீ. லென்ஸில் குழந்தை படத்தின் பாதி உயரத்துக்கு நிற்கும். தாராளமாகப் போதும். 70 மி.மீ. என்றால் கால் பங்குக்குச் சற்று அதிகம். வெட்டி எடுத்துக்கொள்ளலாம், அல்லது முன்வரிசைக்குப் போகலாம். வீட்டு நிகழ்ச்சிகளுக்கும் ஊர் சுற்றலுக்கும் இதைவிட நீளம் தேவைப்படுவது அபூர்வம்.

18-300ஐ நான் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். பகலில் மலையேறுபவர், பேருந்திலும் ரயிலிலும் பயணம் செய்பவர், புழுதியில் லென்ஸ் மாற்ற விரும்பாதவர், இவர்களுக்கு அது உற்ற துணை. டாம்ரானின் 18-300 அகல முனையில் பொருளைப் பாதி அளவுக்குச் சென்சாரில் பதிக்கும் அளவுக்குக் கிட்டே போகும். பூவும் பூச்சியும் எடுக்கலாம். வெயிலில் எஃப்/8 வைத்து எடுத்தால் படம் நன்றாகவே இருக்கும். அதன் எடை 620 கிராம் என்பதையும் மனதில் வையுங்கள். சோனி ஏ6400 பாடியே பேட்டரியோடு 403 கிராம்தான். பாடியைவிட லென்ஸ் கனத்தால் நாள் முழுக்கக் கழுத்தில் மாட்ட மனம் வராது. வீட்டில் அலமாரியில் இருக்கும் லென்ஸ் எதற்கும் பயன்படாது.

எண்களுக்கு அப்பால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. முதலாவது மவுண்ட். சோனி இ, நிக்கான் இசட், கேனன் ஆர்எஃப், ஃபியூஜி எக்ஸ் ஆகிய நான்கும் வெவ்வேறு. ஒன்றின் லென்ஸ் மற்றொன்றில் பொருந்தாது. இரண்டாவது, ஸ்டெபிலைசேஷன் பாடியில் இருக்கிறதா, லென்ஸில் இருக்கிறதா என்பது. ஏ6400, கேனன் ஆர்50, நிக்கான் இசட்50 போன்ற பாடிகளில் சென்சார் ஸ்டெபிலைசேஷன் இல்லை. இவற்றை வைத்திருப்பவர்கள், குறிப்பாக வீடியோ எடுப்பவர்கள், அந்த வசதி உள்ள லென்ஸாகப் பார்ப்பது நல்லது. ஜூம் செய்யும்போது எஃப் எண் மாறாத லென்ஸ் என்றால் வீடியோவில் வெளிச்சம் ஏறி இறங்காது.

வாங்கும் அன்று கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். சுவரில் ஒரு செய்தித்தாளை விரித்து ஒட்டச் சொல்லி, அதற்கு நேர் எதிரே நின்று, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, அகல முனையில் ஒன்று, நீள முனையில் ஒன்று எடுங்கள். நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றைவிட மங்கலாக இருந்தால், கண்ணாடி மையம் விலகியிருக்கலாம். வேறு பீஸ் கேளுங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, சிலந்தி நூல் போன்ற ஃபங்கஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் ஃபங்கஸ் வெகு சீக்கிரம் பிடிக்கும். டிரை கேபினெட் இருந்தால் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தாலே போதும்.

இத்தனையும் கேட்டபின், "நான் என்ன வாங்கட்டும்?" என்ற கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்கிறேன். முதலில், உடனே எதுவும் வாங்காதீர்கள். கிட் லென்ஸ் இருந்தால் இரண்டு மூன்று மாதம் அதையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு படத்தோடும் அதன் ஃபோகல் லென்த், ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகம் எல்லாம் பதிவாகியிருக்கும். உட்கார்ந்து ஒரு மாலைப்பொழுது அவற்றைப் பாருங்கள். பாதிப் படங்கள் 18இலேயே இருந்தால் உங்களுக்குத் தேவை அகலம். ஐஎஸ்ஓ எந்நேரமும் 6400ஐத் தாண்டியிருந்தால் தேவை வெளிச்சம். எல்லாம் 55இல் முட்டிக்கொண்டு நின்றால் தேவை நீளம். உங்களுக்கு எது வேண்டும் என்பதை எந்தக் கடைக்காரரையும்விட, ஏன், என்னையும்விட, உங்கள் படங்கள் நன்றாகச் சொல்லும்.

வீடும் விசேஷமும் இரவும் உங்கள் உலகம் என்றால், எஃப்/2.8 ஜூம் எடுங்கள். சோனிக்கும் ஃபியூஜிக்கும் டாம்ரான் 17-70 கிடைக்கிறது. சோனிக்கான அதன் எடை 525 கிராம், ஸ்டெபிலைசேஷனும் உண்டு. சிக்மா 18-50 இன்னும் சிறியது, 300 கிராமுக்குள்தான், ஆனால் அதில் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. 2024இலிருந்து அது கேனன் ஆர்எஃப் மவுண்டுக்கும் வருகிறது. பகலும் பயணமும் அதிகம், இரவு குறைவு என்றால், நடுத்தர நீள ஜூம் எடுங்கள்: சோனி 18-135, நிக்கான் இசட் 18-140, கேனன் ஆர்எஃப்-எஸ் 18-150. மூன்றும் ஏறத்தாழ 310இலிருந்து 325 கிராமுக்குள் அடங்கும். முழுக்க முழுக்கப் பகல், லென்ஸ் மாற்றவே வழியில்லை என்பவருக்கு மட்டும் 18-300.

மூன்றில் ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தினால், நம் வாழ்க்கை நடக்கும் வெளிச்சத்தைப் பார்த்து, 17-70 எஃப்/2.8 போன்ற லென்ஸையே நான் சொல்வேன். பட்ஜெட் இடிக்கிறதா? கடன் வாங்கி வாங்க வேண்டாம். விரலுக்கேற்ற வீக்கம் போதும். கிட் லென்ஸும் ஜன்னலோர வெளிச்சமும் இருந்தால் அம்மாவின் முகத்தை அழகாக எடுக்கலாம்.

தம்பி தங்கைகளே, அடுத்த முறை கடைக்குப் போகும்போது, மேசைமேல் வைக்கப்படும் லென்ஸைக் கையில் வாங்கி, எண்களை நீங்களே படியுங்கள். அறைக்குள் அகலம் போதுமா, இரவில் வெளிச்சம் போதுமா, நாள் முழுக்கச் சுமக்க முடியுமா என்று பார்த்துவிட்டு, எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கடைசியில் கேளுங்கள். இந்த வரிசையில் தேர்ந்தெடுத்த லென்ஸ் பல வருடம் உங்கள் கேமராவை விட்டு இறங்காது.